நாலு நிமிஷம் பேச்சில்லை

1963 ஆகஸ்ட் 6, செவ்வாய்

மார்க்கெட்டில் இன்றும் வசவு. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூக்காரி மாரியாயி அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "வாங்க மகராசி! போன படத்துல அந்தப் புள்ளைக்குச் சூடு வச்சீங்களே, அந்தக் கை வெளங்குமா?" இருபத்திரண்டு படங்களில் கொடுமைக்கார மாமியார். சம்பளம் சென்னையில், வசவு திருச்சியில். "முதல்ல பூவைக் குடு" என்றேன். முழத்தில் நாலு விரல் குறைத்துத்தான் அளந்தாள், சண்டாளி. பக்கத்தில் அவள் மருமகள் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்குமா? மாரியாயியின் மகன் செத்து இரண்டு வருஷம். நாள் முழுக்க மல்லிகை கட்டுகிற பெண், தலையில் ஒரு இணுக்கு கிடையாது.

வெள்ளிக்கிழமை என் படம் வருகிறது. நடித்ததும் நான், எடுத்ததும் நான். 'கொடியில் இரண்டு சேலை'. மகனைப் பறிகொடுத்த மாமியார், அவன் பெண்டாட்டி, இரண்டு பேரும் ஒரே வீட்டில். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை. நான் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கடைசியில் மாமியார் மருமகளுக்குத் தலை வாரிப் பின்னி, பூ வைத்துவிடுகிறாள். நாலு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் ஐம்பத்திரண்டு வயதில் டைரக்டர் ஆனேன்.

தம்பி சவரிநாதன், "ஒரே ஒரு பாட்டாவது வச்சிருக்கலாம்க்கா" என்கிறான். போடா.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேட்னி. தரை டிக்கெட்டில் நல்ல கூட்டம். நான் யாரையாவது அடிப்பேன் என்று வந்த கூட்டம்.

கடைசிக் காட்சி. திரையில் நான் சீப்பை எடுத்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. "சவுண்டு! சவுண்டு!" "யோவ் ஆபரேட்டர், தூங்குறியா? சவுண்டு போச்சுய்யா!" ஒரே விசில். ஆபரேட்டர் இன்னாசிராஜ் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டான். நான் மூச்சு வாங்க மாடிப்படி ஏறினால், மெஷினைத் திறந்து வைத்துக் குடைந்துகொண்டிருக்கிறான்.

"மெஷின்ல ஒண்ணுமில்லப்பா. ஓட்டு."

"பேச்சே வரலியேம்மா?"

"பேச்சே கிடையாது. ஓட்டுன்னா ஓட்டு!"

மறுபடி ஓடியபோது பாதிப் பேர் வாசலைத் தாண்டிவிட்டார்கள். சீப்பு முடியில் போகிற சத்தம் இருக்கிறது அந்தக் காட்சியில். அதைப் பதிவு செய்ய ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம். ஒரு காதிலும் விழவில்லை. நான் அழவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் பேப்பரைக் காணோம். சவரிநாதன் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். ஒளித்து வைக்க இதென்ன சாவுத் தந்தியா?

ஸ்ரீரங்கத்து விமர்சகர் எழுதியிருக்கிறார். 'சகாயம்மாள் எப்போது கத்துவார் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், படம் முடிந்துவிட்டது. ரஸம் லவலேசமும் இல்லை. நடிகைகள் அவரவர் ஸ்தானத்தில் இருப்பதே க்ஷேமம்.'

என் ஸ்தானம் எதுங்க, சுவாமி? அடுப்பங்கரையில் கரண்டியைக் காய்ச்சிக்கொண்டு நிற்பதா? இருபத்திரண்டு தடவை சூடு வைத்தேனே, அப்போதெல்லாம் ரஸம் சொட்டியதாக்கும்! அந்த விமர்சனத்தை வெட்டி இந்தப் பக்கத்திலேயே சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். இருக்கட்டும். எனக்கொன்றும் பயமில்லை.

ஆகஸ்ட் 12

மேட்னிக்கு நாற்பத்தோரு தலை. எண்ணியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

படத்தை வாங்கி ஓட்டுகிற விநியோகஸ்தர் மீரான் ராவுத்தர் வந்தார். நல்ல மனுஷர். எவ்வளவு சொல்லியும் காப்பியைத் தொடவில்லை. கெட்ட சேதி என்று அப்போதே தெரிந்தது.

"அந்தக் கடைசி எடத்துல மட்டும் ஒரு ரிக்கார்டு போட்டுட்டாப் போதும்மா. இன்டர்வெல்லுக்குப் போடுறோமே, அதுல ஒண்ணு. ஜனம் உக்காந்துரும். இல்லாட்டி இந்த வெள்ளிக்கிழமை தூக்கிருவாங்க. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"தூக்கட்டும்."

"உங்க படம்தாம்மா சாகுது!"

"செத்தா நான் அழுதுக்கறேன். அதுக்கு நீங்க ரிக்கார்டு போட்டு ஒப்பாரி வைக்க வேண்டாம்."

மனுஷர் சிரித்துவிட்டார். காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். ஆனால் 'சரி' என்று சொல்லவில்லை. அது அவர் போன பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 14, புதன்

இன்னொரு பத்திரிகை. 'இறுதிக் காட்சியில் ஒலிக்கும் இனிய பாடல் ஒன்றே ஆறுதல். அதைச் சேர்த்த டைரக்டரின் ரசனையைப் பாராட்டலாம்.'

என் படத்தில் ஏதுடா பாட்டு? முதலில் சிரித்தேன். அப்புறம் புரிந்தது. நேற்று ராவுத்தர் என்னைக் கேட்க வருவதற்கு முந்தியே ராத்திரி ஆட்டத்தில் போட ஆரம்பித்துவிட்டார்கள்!

மேட்னிக்கு ஓடினேன். கேபினுக்குள் ரிக்கார்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. திரையில் நான் அந்தப் பெண்ணின் தலையில் சிக்கு எடுக்கிறேன், யாரோ ஒருத்தி வசந்தம் வந்தது வந்தது என்று பாடிக்கொண்டிருக்கிறாள். ஊசியைத் தூக்கினேன். அந்த ரிக்கார்டை மட்டும் எடுத்தால் இன்னாசிராஜ் வேறொன்றைப் போடுவான். அதனால் ரிக்கார்டுப் பெட்டியோடு தூக்கிவிட்டேன்.

"ஐயோ அம்மா, அது தியேட்டர் பெட்டிம்மா! ராவுத்தருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மாமியார்க்காரி தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லு!"

கீழே மறுபடி "சவுண்டு! சவுண்டு!" கத்துங்கடா. தொண்டை வலிக்கிற வரைக்கும் கத்துங்க. பதினோரு ரிக்கார்டு, நல்ல கனம். ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15

ராவுத்தர் ஆள் அனுப்பினார். படத்தைத் தூக்கின பிறகு பெட்டி வரும் என்று சொல்லி அனுப்பினேன். இன்று லீவு நாள். இரண்டு ஆட்டமும் நான் எடுத்தபடியே ஓடும். யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தூக்கிவிட்டார்கள். ஏழு நாள். பெட்டியைக் கொடுக்கப் போனேன். போஸ்டரில் என் முகத்தின் மேல் வேறு யாரோ வாளோடு நிற்கிறார். இன்னாசிராஜ் மட்டும் சொன்னான், "நேத்து அந்தச் சீப்புச் சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா." ஆபரேட்டருக்காவது கேட்டதே.

நான் செய்தது சரிதானா? பாட்டோடு இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

ஓடியிருக்கும். அது என் படமாக இருந்திருக்காது.

ஆகஸ்ட் 24, சனி

சென்னையிலிருந்து கடிதம். மறுபடியும் மாமியார். இந்தத் தடவை சூடு வைக்கக் கொள்ளிக்கட்டையாம். "ஒத்துக்காதக்கா" என்கிறான் சவரிநாதன். ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது? போவேன். கூரை பறக்கக் கத்துவேன். கத்திச் சம்பாதித்து இன்னொரு படம் எடுப்பேன். அதில் ஐந்து நிமிஷம் பேச்சிருக்காது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மார்க்கெட். மாரியாயி என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்.

"பாத்தேன் உங்க படத்த. சுதந்திர தினத்தன்னிக்கு, மத்தியான ஆட்டம். இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். நல்லாவே இல்ல."

"என்னவாம்?"

"பாட்டு இருக்குன்னாங்க, ஒரு பாட்டும் இல்ல. இப்ப அடிப்பீங்க, அப்ப அடிப்பீங்கன்னு உக்காந்திருந்தேன். அடிக்கவே இல்லியே! காசுக்குக் கேடு."

"எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே?"

பூவை எடுத்து அளந்தாள். முழம் சரியாக இருந்தது.

மருமகள் குனிந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வகிடு நேர்கோடாக, பின்னல் இறுகலாக. தானே பின்னிக்கொண்டால் அப்படி வராது. அதில் ஒரு சாண் மல்லிகை. நான் பார்க்கிறதை மாரியாயி பார்த்தாள். பார்த்துவிட்டு, வாளியிலிருந்து தண்ணீரை அள்ளிப் பூவில் தெளிக்க ஆரம்பித்தாள். அந்தப் பூ ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.