நாலாம் நம்பர் ஷிஃப்ட் ஆகிவிட்டார்

திருமுல்கேரி,
19.2.2025, புதன்கிழமை.

அன்புள்ள தண்டபாணி அவர்களுக்கு,

ஐந்தாம் நம்பர் கட்டில் ஐசக் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். அது உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதுகிற வரி. நீங்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே.

ஒருவேளை இதை வசந்தி அம்மாவோ உங்கள் மகன் ஸ்ரீகாந்தோ பிரித்துப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதுங்கள். மூன்று வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்து டயாலிசிஸ் செய்துகொண்டவன் நான். கூடப் பிறந்த தம்பியோடுகூட நான் இத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. உண்மையைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு லேசாகத் தலை சுற்றியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது. திங்கட்கிழமை போனால் நாலாம் நம்பர் கட்டிலில் வேறு ஆள். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி சூப்பர்வைசராம். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார். டெக்னீஷியன் சரத்திடம், நாலாம் நம்பர் எங்கே என்று கேட்டேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, ஷிஃப்ட் என்று தொடங்கித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்தச் சொல் விழுந்த பிறகு மீதி என் காதில் ஏறவில்லை.

ஷிஃப்ட் என்றால் என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாதா? மூன்றாம் நம்பர் குணசேகரன் வராமல் போனபோதும் இதே சரத், அவர் சென்னைக்கு ஷிஃப்ட் ஆகிவிட்டார் என்றுதான் சொன்னார். நாமும் நம்பினோம். பத்து நாள் கழித்து அவர் மனைவி மங்கையர்க்கரசி, மிச்சமிருந்த ஊசி மருந்துகளை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, வேறு யாருக்காவது போடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். சென்னைக்குப் போனவர் ஊசியை இங்கே விட்டுவிட்டா போவார்? அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே நீங்கள் சிரிப்பீர்கள். லிஃப்ட் இல்லாமலே மேலே ஷிஃப்ட் என்பீர்கள். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு சொல்லை வைத்து நான் இப்படி முடிவுகட்டுவதாக நினைக்க வேண்டாம். ராணுவ ஸ்டோரில் முப்பது வருடம் சரக்கு சரிபார்த்தவன். எங்கே எது குறைகிறது என்று எனக்கு வாசனை தெரியும். உங்கள் போனுக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் ஸ்ரீகாந்த் எடுத்து, அப்பா தூங்குகிறார் அங்கிள் என்றார். பகல் பதினொரு மணிக்கு! பக்கத்துக் கட்டிலில் நான் குறட்டை விட்டாலே தூக்கம் வராது என்று புலம்புகிற மனிதர், பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிறாராம். மூன்றாவது தடவை அந்தப் பையன் குரல் பிசிறடித்தது.

அடுத்தது அந்த கவுன்சலர் சபீனா. நீங்கள் வராமல் போன வாரத்திலிருந்து, கேள்விகள் அச்சடித்த ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருகிறார். எமோஷனல் இன்டெலிஜென்ஸாம். டயாலிசிஸ்காரர்கள் மன அழுத்தத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். முப்பத்துமூன்று கேள்வி. அறுபத்தாறு வயதில் எனக்கு உணர்ச்சியில் பரீட்சை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே மனசு புரியுமா என்று ஹிந்தியில் கேட்டார். ஹவ், ஆமாம் என்றேன். கோபம் வந்தால் எதனால் வந்தது என்று தெரியுமா என்றார். அதற்கும் ஹவ். எல்லாவற்றுக்கும் எப்போதும் என்ற கட்டத்திலேயே டிக் போடச் சொன்னேன். பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன், நாலாம் நம்பர் தண்டபாணி எப்படி இருக்கிறார் என்று. அந்தப் பெண் சட்டென்று குனிந்து பாரத்தைப் பார்த்தாள். அதில் என்ன, உங்கள் ஜாதகமா எழுதியிருக்கிறது? எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் விஷயத்தைச் சொன்னால் இந்தக் கிழவன் தாங்குவானா என்று அளவெடுக்கத்தான் அந்தப் பாரமே.

வீட்டிலும் அதே கதை. நேற்று கனகமணி எதிரிலேயே, டாக்டர் அளந்து கொடுத்த கணக்கைத் தாண்டி இரண்டாவது டம்ளர் தண்ணீர் குடித்தேன். அவள் பார்த்தாள். திட்டவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்டது இரண்டே தடவை. ஒன்று எங்கள் அப்பா இறந்த அன்றைக்கு. இன்னொன்று என் கிட்னி ரிப்போர்ட் வந்த அன்றைக்கு. இவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாற்றுகிறார்கள்.

அதனால்தான் கடிதம். தயவுசெய்து போன் பண்ண வேண்டாம். இப்போதெல்லாம் செத்தவர் குரலையே கம்ப்யூட்டர் பேசுகிறதாம். உங்கள் மகன் அந்த வேலையில்தானே இருக்கிறார்? அவரைத் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நான் நம்பத் தயாரில்லை. தபால் இலாகாவில் முப்பத்துநாலு வருடம் இருந்த நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், ஆள் பொய் சொல்லலாம், கையெழுத்து சொல்லாது என்று. தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய டப்பாவின் மேல் நீங்கள் எழுதிய விலாசத்தை நான் கிழித்து வைத்திருக்கிறேன். அதில் பின்கோடுக்கு அடியில் இரண்டு கோடு. பதில் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அதுவும் போதாது. கையெழுத்தையும் யாராவது பழகிக்கொள்ளலாம். ஆகவே ஒரு கேள்வி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது என்ன, யார் எவ்வளவு சாப்பிட்டது? இதற்குப் பதில் தெரிந்தவர் உலகத்தில் இரண்டு பேர்தான்.

இன்று காலை நான் டயாலிசிஸுக்குப் போகவில்லை. கனகமணி ஐந்து மணிக்கே ஆட்டோவை வரச்சொல்லி வாசலில் நின்றாள். நக்கோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். உங்கள் பதில் வராமல் வெள்ளிக்கிழமையும் போவதாக இல்லை. ஒரு உயிர் போனதை மறைத்து, அதே கையால் எனக்கு ஊசி குத்துவார்கள், நான் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? செருப்பு கொஞ்சம் இறுக்குகிறது. அது வெயில் தொடங்கிவிட்டதால் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த முப்பத்துமூன்று கேள்வியில் இது இல்லை. நாலாம் நம்பரை வலதுபக்கம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட கழுத்து, இப்போது அந்தப் பக்கம் திரும்பவே கூசுகிறது.

உறையை டேப் போட்டு ஒட்டித்தான் கனகமணியிடம் கொடுக்கிறேன். வழியில் பிரிப்பாள், தெரியும். இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால், நீங்கள் என்னை விட மூன்று வயது சின்னவர், இப்படி முந்திக்கொண்டது சரியில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கர்த்தர் உங்களை எந்தப் பக்கம் வைத்திருந்தாலும் நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஐசக்


ஐந்தாம் நம்பர் கட்டில்,
21.2.2025, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி.

மதிப்பிற்குரிய ஐசக் சார்,

மேலே போட்டிருக்கும் விலாசத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஐந்தாம் நம்பர் கட்டில். உங்கள் கட்டில்தான். இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. தாள் கிடைக்காமல் சபீனாவின் பாரத்துக்குப் பின்பக்கம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சந்தேகப்படாதீர்கள்.

சரத் பொய் சொல்லவில்லை. ஷிஃப்ட் மாரிப்போயாரு என்றுதான் உங்களிடம் சொன்னாராம். காலை ஷிஃப்ட்டிலிருந்து மதிய ஷிஃப்ட்டுக்கு மாறிவிட்டேன் சார். அவ்வளவுதான். முதல் சொல்லோடு காதை மூடிக்கொண்டது நீங்கள். ஸ்ரீகாந்த் சொன்னதுதான் பொய், அதுவும் நான் சொல்லச் சொன்னது. பதினொரு மணிக்கு நான் இங்கே வந்திருப்பேன், போன் வீட்டில் அவனிடம் இருக்கும். பாவம், அவனுக்குப் பொய் வராது. சபீனாவிடமும் நான்தான் கேட்டுக்கொண்டேன், ஐந்தாம் நம்பர் கேட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் எழுதியதே தப்பு. கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. மறுநாள் வியாழன், நமக்கு லீவு. கொண்டுவந்தது வெள்ளிக்கிழமை. முந்திரி, திராட்சை போட்ட பிளம் கேக், மூன்று துண்டு. இரண்டு நீங்கள், ஒன்று நான். சரத் பிடித்தபோது மூன்றையும் நான் தின்றதாகச் சொன்னவர் நீங்கள். பொட்டாசியம் ஏறும் என்று ஒரு வாரம் திட்டு வாங்கியவன் நான். இதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு வந்தது லேசான தலைசுற்றல் இல்லை சார். உடம்பில் நாலு கிலோ தண்ணீர் தேங்கி வந்திருந்தீர்கள். அதை மெஷின் இழுத்ததில் பிரஷர் விழுந்து, உங்கள் கண் மேலே செருகிவிட்டது. ஐசக் சார், ஐசக் சார் என்று கத்தினேன். நீங்கள் திரும்பவில்லை. எட்டு நிமிடம். எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு ஊசி, எழுந்து வர முடியவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்ததும், டிவியில் சேனலை மாற்றியது யார் என்று என்னைத்தான் முறைத்தீர்கள்.

வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தியிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் நான் நாலாம் நம்பரில் படுத்திருக்க, ஐந்தாம் நம்பர் காலியாக இருந்து, சரத் மெஷினைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை என்னிடம் சொன்னால் என்ன செய்வேன் என்றே யோசனை ஓடியது. அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அதனால் நானே மாறிக்கொண்டேன். கோழைத்தனம்தான். மதியத்தில் காலியாக இருந்தது உங்கள் கட்டில் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாது.

மாறியும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு முறையும் பத்தரைக்கே வந்து எதிரே இரானி டீக்கடையில் நிற்பேன். ஒரு டீ குடிக்காமல் அரை மணி நேரம் நிற்கிற என்னைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். நீங்கள் வெளியே வந்து ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு வரும். அப்புறம்தான் உள்ளே போவேன். ஏழு முறை. இருபதடி தூரத்தில் நின்றேன் சார், வாசனை பிடிக்கிற நீங்கள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

புதன்கிழமை பதினொன்றரை வரை நின்றேன். நீங்கள் வரவில்லை. சரத்திடம் கேட்டேன், ராலேது, வரவில்லை என்றார். ஊருக்குப் போயிருப்பீர்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கனகமணி அம்மாவுக்குப் போன் செய்ய எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். என்ன பதில் வருமோ என்று அடிக்கவில்லை. இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. உறையின் பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி இருந்தது. அண்ணா, கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, நான் சொன்னால் கேட்கவில்லை, நீங்கள் எழுதுங்கள். ஆமாம், அம்மா பிரித்துத்தான் படித்திருக்கிறார். அவர் திட்டாமல் இருப்பது எதையும் மறைக்க அல்ல. பயத்தில்.

உங்களுக்குக் கடைசியாகத் திங்கட்கிழமை ஊசி குத்தியது. இன்றைக்கு நாலாவது நாள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்ரீகாந்த் கீழே காரோடு நிற்கிறான். இதை அவன் கையில் கொடுக்கிறேன். முப்பத்துநாலு வருடத்தில் முத்திரை இல்லாமல் நான் அனுப்புகிற முதல் கடிதம் இது. ஆனாலும் பின்கோடு எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதைக் காரில் உட்கார்ந்து செய்யுங்கள். இன்று ஐந்து மணிக்கு உங்களுக்கு ஒரு கட்டில் பேசி வைத்திருக்கிறேன். நாலாம் நம்பர். எனக்கு நாலு மணிக்கு முடிந்துவிடும். கட்டுப் போட்ட கையோடு வாசல் பெஞ்சில் இருப்பேன், நீங்கள் வந்து என்னைத் திட்டி முடிக்கிறவரை எழுந்திருக்கப் போவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி காலை ஷிஃப்ட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்த சூப்பர்வைசர் மதியத்துக்கு மாறிக்கொள்கிறாராம்.

எனக்கும் பயம்தானுங்க சார். இரண்டு பேரும் பக்கத்தில் படுத்துக்கொண்டே பயப்படலாம். உங்கள் கர்த்தரும் எங்கள் முருகனும் அதுவரை உங்களை உட்கார வைத்திருக்கட்டும்.

நான் நலம். நலமறிய ஆவல். பதில் எழுத வேண்டாம், வந்துடுங்க.

இப்படிக்கு,
இன்னும் ஷிஃப்ட் ஆகாத
தண்டபாணி