பாலுசாமி தின்ற பேரரசன்

மே 5, திங்கள்
ஓட்டாரா என்னும் எங்கள் புறநகரின் பேரரசனாகிய நான் இன்று அக்கா மகள் லாங்கியின் ஆய்வுக்காக ரத்தம் சிந்தினேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும். உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் தூசியிலும் சிறிய பைகளை வெளியே அனுப்புமாம். ஒரு செல்லின் சரக்கை இன்னொரு செல்லுக்கு அவை கொண்டுபோய்ச் சேர்க்குமாம். அந்தப் பைக்குள் மருந்தை வைத்துப் பழுதான சிறுநீரகத்துக்கு அனுப்பப் பார்க்கிறாள். என் வெள்ளணுக்களா? மேளதாளத்தோடு அனுப்பும்!

மே 8
லாங்கி போனில் கத்தினாள். "மாமா, மத்தவங்களைவிட உங்களுக்குப் பத்து மடங்கு பை!"
எனக்கு வியப்பில்லை. சபை முழுக்கச் சொல்லிவிட்டேன். போதகரிடம் இருமுறை.
அடுத்த வெள்ளி இதை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் முன் வைக்கப்போகிறாள். அவர்கள் தலையாட்டாவிட்டால் அவள் ஆய்வுக்கு மூடுவிழாதான்.

மே 13
அக்கா வீட்டில் சாப்பாடு.
"வெறும் வயித்துல வரச் சொன்னேனே, ஏன் தெரியுமா மாமா? கொழுப்புத் துளியும் பையும் ஏறக்குறைய ஒரே அளவு. எண்ணுற மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது."
கையிலிருந்த சேப்பங்கிழங்கைத் தட்டிலேயே வைத்தேன்.
ரத்தம் கொடுத்த அன்று காலை நான் தின்றது, ஞாயிறு விருந்தில் மிஞ்சிய எங்கள் தீவுப் பண்டம் பாலுசாமி. இலையில் பொதிந்த தேங்காய்ப்பால், டின் மாட்டிறைச்சி. ஒரு வாய் என்றுதான் தொடங்கினேன். சட்டியைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை.
அடப்பாவி, அப்போ அவ எண்ணினது எதை?

மே 14
சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? — நாளைக்கு ஒரு நோயாளி அந்த எண்ணை நம்பிக் கை நீட்டுவானே. எனக்குத் தெரியுமே.

மே 15
சொல்லிவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில்.
"எவ்ளோ சாப்பிட்டீங்க?"
"கொஞ்சம்."
"மாமா."
"சட்டி."
திட்டியிருந்தால் தேவலை. "உங்க ரத்தத்துல இருந்து பிரிச்ச நீர் கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு. நானும் பார்த்தேன். எண் நல்லா இருந்துச்சா, பார்க்காத மாதிரி இருந்துட்டேன்" என்றாள்.
பேருந்து வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

மே 16
என் எண்ணை நீக்கிவிட்டுப் பேசினாளாம். ஏன் நீக்கினாள் என்பதையும் சொன்னாளாம். குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

ஜூன் 9
லாங்கியின் ஆய்வுக்குக் குழு இன்னும் ஆறு மாதம் மட்டும் கொடுத்திருக்கிறது. உதவிக்கு ஆள் கிடையாது.
மறுபடி ரத்தம். "ஊதுங்க" என்றாள். வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டாள். பேரரசனுக்கு வந்த கதி!

ஜூன் 12
"எண் வந்துடுச்சு மாமா. எல்லாரையும்விட உங்களுக்குத்தான் கம்மி."
சிரித்தாள். ஒரு மாதமாகக் கேட்காத சிரிப்பு.
போதகரிடம் சொல்லவில்லை.