சிவப்பு வரி

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஆபீஸில் ஒரு கூத்து. ஊருக்குப் போய் ஓராண்டு தாண்டியவர்களின் வரி தானாகச் சிவப்பாகும்படி ஊழியர்களின் லீவு எக்செல் பட்டியலில் நான்தான் விதி போட்டேன். சிவப்பை மேலே வரிசைப்படுத்தினால், முதல் வரியில் என் பெயர்.

புது மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, மூணு வருஷமாவா போகல?" என்றார்.

"தேதிய தப்பா அடிச்சிட்டேன் சார்" என்று சொல்லி, பத்து மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டேன். வரி வெள்ளையானது. மறுபடி வரிசைப்படுத்தியதும் கீழே போய்விட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் செய். யாராவது கேட்டால் நான் சொல்ல வேண்டும். பத்து மாதத்துக்கு முன்னால் நான் வந்திருந்தபோது என்னென்ன சமைத்தாய் என்று எழுது.

உன் மகள்