சூளைக்குத் தீர்ப்பு சொல்ல ஒரு ஆள்

ஆகஸ்ட் 9, 2005, செவ்வாய்

காலையில் வெயில். மதியத்துக்கு மேல் மறுபடி மழை. கொலு பொம்மைகளை உள்ளே அள்ளி வைத்ததில் இடுப்பு போச்சு.

பீங்கான் எஸ்டேட் பொதுச் சூளைக்கு மத்தியஸ்தர் தேர்தல், வரும் ஞாயிறு. பழையவர் கண் ஆபரேஷன் என்று ஒதுங்கிவிட்டார். எங்கள் எல்லோர் சரக்கும் ஒரே சூளையில் வேகிறது. ஒருத்தர் சரக்கு வெடித்தால் பக்கத்துச் சரக்கும் நாசம். யார் மேல் தப்பு என்று மத்தியஸ்தர் சொல்வார். தப்பு யாருடையதோ அவருக்கு அந்த சீசனுக்குச் சூளையில் இடம் கிடையாது.

போன வாரம் என் பிள்ளையாரும் கதிர்வேலின் ஊறுகாய் ஜாடியும் சூளைக்குள் தள்ளும் ஒரே ட்ராலியில். இரண்டும் பாழ். அவன் என்னைச் சொல்கிறான், நான் அவனை. விசாரணை புது ஆளிடம்தான். நவராத்திரிக்கு முன் பொம்மை வேகாவிட்டால் இந்த வருஷப் பிழைப்பே போச்சு.

நிற்பவர்கள்:
தண்டபாணி. கப்பு சாசர் போடுகிறார். வாயெல்லாம் பல். எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தி.
ஹமீது பாய். மங்கலம்பேட்டைக்காரர். ஃப்யூஸ் கட்டை போடுகிறார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கதிர்வேலோடு டீக்கடையில் நின்றதை நானே பார்த்தேன். என்ன பேசினார்களோ.

ஆக. 10

த.பாணி வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் பையோடு. "மேரிக்கா, உங்க விஷயத்த நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா இருங்க."

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் சிரிப்பு. "நம்ம ஆளு வந்துட்டா போதும்மே. ஓட்டெல்லாம் எண்ணி வச்சிட்டேன், நாமதான் ஜெயிக்கிறோம்."

சாயங்காலம் கதிர்வேல் வீட்டு வழியாக வந்தேன். அவன் பையன் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்கிறான். கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். இருக்கலாம்.

காஸ் புக் பண்ண மறந்தாச்சு.

ஆக. 11

தூக்கம் இல்லை. இரண்டு பேரையும் சோதித்துவிடுவது என்று முடிவு. வெடித்த பிள்ளையாரின் வயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். என் முத்திரை இருக்கும் அடிப்பாகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

த.பாணி துண்டை வாங்கினார். கவிழ்த்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். உடைந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை, முத்திரையைத் தேடுகிறார்.

"இது யாருதுக்கா?"

"யாருதா இருந்தா என்னா, ஏன் வெடிச்சுதுன்னு சொல்லுங்க."

"அது எப்பிடிக்கா, யாருதுன்னு தெரியாம எப்பிடி சொல்றது?"

என்னுடையது என்றேன். உடனே, "உங்க சரக்குல என்னா குத்தம் இருக்கப்போவுது! அடுக்குனவன் தப்பா அடுக்கியிருப்பான்."

வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள் போய்விட்டது.

ஆக. 12, வெள்ளி

பாய் தொழுகை முடித்து வரும்வரை அவர் பட்டறை வாசலில் காத்திருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. துண்டை வெளிச்சத்தில் பிடித்து உடைந்த விளிம்பைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம்.

"உள்ளார ஈரம் இருந்திருக்குது. ஈரம் ஆவியாகி உள்ளருந்து வெடிச்சிருக்குது."

"இது வந்து பாய்..."

"யாருதுன்னு சொல்லாதம்மா. சொன்னா அந்த வழக்குல நான் உக்கார முடியாது."

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய ஜட்ஜு. டீக்கடையில் கதிர்வேல் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறார். தெரியாத மாதிரி ஒரு நடிப்பு வேறு.

ஆக. 13

தூறல். அதே ஈட்டில் செய்து, சூளையில் ஏற்றாமல் மிஞ்சிய பிள்ளையார்கள் ஷெட்டில் இருக்கின்றன. பாய் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். காய்ந்த மண் கன்னத்தில் சுடாது, குளிராது.

சில்லென்றிருந்தது.

இன்னொன்று. அதுவும். இத்தனை நாள் கழித்தும். அன்றைக்குச் சூளையில் என் முறை வந்துவிட்டது, மழையானாலும் பரவாயில்லை என்று ஏற்றிவிட்டேன். கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தாலும் ஏற்றியிருப்பேனோ என்னவோ.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கத்தரிக்காய் குழம்பு. உப்பு கூடிப்போச்சு.

ஆக. 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே எஸ்டேட். ஓட்டுப் பெட்டிக்குப் பதில் மூடி போட்ட ஜாடி, கதிர்வேல் கொடுத்தது. அதற்குள்ளும் ஒரு முறை எட்டிப் பார்த்தேன்.

யூனிட் என் பேரில் இருப்பதால் ஓட்டு எனக்குத்தான். த.பாணி தூரத்திலிருந்தே கும்பிட்டார். அடுத்த நிமிஷம் கதிர்வேல் தோளில் கை.

இந்த ஆள் இன்றைக்கு என் முத்திரையைத் தேடுகிறார். நாளைக்கு என்னைவிடப் பெரிய முத்திரை வந்தால்? பாயை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. சீட்டில் அவர் பேரைத்தான் எழுதினேன். மடித்து, ஜாடியில் போட்டுவிட்டேன்.

பாய் ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

ஆக. 16

விசாரணை. எல்லோர் முன்னாலும் பாய், "இந்தம்மா எங்கிட்ட ஒரு துண்டு கொண்டாந்தாங்க. யாருதுன்னு எனக்குத் தெரியாது, அத நான் கணக்குல எடுக்கல" என்று சொல்லிவிட்டு, ட்ராலியில் ஒட்டிக்கிடந்த துண்டுகளைத் தானே பெயர்த்துப் பார்த்தார். ஈரம். ஈரத்தோடு ஏற்றிய என் பொம்மைதான் வெடித்தது. இந்த சீசனுக்கு எனக்குச் சூளை இல்லை.

கதிர்வேல் கீழே கிடந்த என் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தான். அதுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்காரர் வந்ததிலிருந்து குதிக்கிறார். "நம்ம பக்கம் எவனோ ஒருத்தன் மாத்தி குத்தியிருக்கான்மே! அந்தத் துரோகி யாருன்னு கண்டுபுடிக்காம வுடமாட்டேன். அவன் வெளங்குவானா?"

"வெளங்கவே மாட்டான்" என்று சொல்லிச் சோறு போட்டேன்.