எக்ஸ்ரேயில் தெரியாதது

மார்ச் 4

நூலகத்தில் நாள் முழுக்கக் கிழிந்த அட்டைகளை ஒட்டும் வேலை. வீட்டுக்கு வந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். சட்டைக்கு இஸ்திரி சரியில்லையென்று வீட்டுக்காரர் பின்னால் வந்து கத்தினார். பயத்தில் அப்படியே விழுங்கிவிட்டேன். ரொட்டியோடு பொய்ப்பல்லும் போய்விட்டது. முன்பல் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் தட்டு. தொண்டைக்குழிக்குக் கீழே நிற்கிறது.

மார்ச் 5

எச்சில்கூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், "என்னம்மா முழுங்கினீங்க?" வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "மீன் முள்ளு சார். எதையும் அவசர அவசரமாத்தான் சாப்பிடுவா."

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்டிக் எப்படித் தெரியும்? முள் கீறியிருக்கும் என்று மாத்திரை எழுதினார் டாக்டர். நான் வாயே திறக்கவில்லை. பல் என்று சொன்னால், சொந்தப் பல் எப்படிப் போச்சு என்பார்கள். வழுக்கி விழுந்தேன் என்பதுதான் ஊருக்குச் சொன்ன கதை. விழவில்லை. அவர் முழங்கை.

மார்ச் 6

மாத்திரையும் இறங்கவில்லை.

மார்ச் 7

கழுத்து வீங்கிவிட்டது. தொட்டால் உள்ளே நறநறவென்கிறது. காய்ச்சல். அக்கா போன் பண்ணினாள். வீட்டுக்காரர் எடுத்து "தூங்குறா" என்று வைத்துவிட்டார். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். குரல் வரல. வந்திருந்தா மட்டும் சொல்லியிருப்பேனா? ஒரு பல்லுக்காகச் சாகணுமா நான் —

மார்ச் 8

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அவருக்கே பயம் வந்து திரும்பக் கூட்டிப் போனார். ஸ்கேன் அறைக்குள் அவரை விடவில்லை. கதவு மூடியதும் நர்ஸிடம் பேனா கேட்டு ஜாடை காட்டினேன். ஸ்கேன் சீட்டின் பின்புறம் எழுதினேன்: முள் இல்லை. பொய்ப்பல். அவர் அடித்து விழுந்த பல்லுக்குப் பதிலாகக் கட்டியது.

நர்ஸ் இரண்டு முறை படித்தாள். "அவர் வெளியவே இருக்கட்டும். வேற யாருக்குச் சொல்லணும்?"

அக்கா நம்பரை எழுதினேன். ஒரு எண்ணை அடித்துத் திருத்தினேன்.

மார்ச் 19

கழுத்தைத் திறந்துதான் எடுத்தார்களாம். உணவுக்குழாயில் ஓட்டை, சுற்றிலும் சீழ். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. "இன்னும் ஒரு நாள் போயிருந்தா நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும்" என்றார் டாக்டர். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்தாராம். "அவ எழுதினது போலீஸ்ல இருக்கு, அங்க போய்க் கேளுங்க" என்று அக்கா வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மே 2

வேலைக்குத் திரும்பினேன். அலுவலகப் பதிவேட்டில் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

"கொஞ்ச நாளைக்கா மேடம்?" என்றார் எழுத்தர்.

"இல்ல."

தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலத்தான் குரல் வந்தது. கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுதி முடித்திருந்தார்.