சுவரில் மாட்டிய உங்கள் படம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. வடபழனிக்கு மீன் ஏற்றிவரும் லோகு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வறுத்த நெத்திலியும் இருக்கிறது.

சீரியலில் உங்களை விபத்தில் சாகடித்த அன்று, உங்கள் படத்துக்கு மாலை போட்டு அந்த வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். அத்தை எழுந்துவிட்டார். "உயிரோட கீற புள்ளைக்கு இன்னாடி மாலை? ஆஃப் பண்ணு!"

மறுநாள் ஏழு மணிக்கு அவரே, "போடுடி, மொகத்தயாவது பாக்கலாம்" என்றார். அன்று முதல் தினமும் பார்க்கிறோம். படத்தில் நன்றாகச் சிரிக்கிறீர்கள். வேறு சேனலில் பெரிய வேஷம் வருகிறது என்றீர்களே, வந்ததா? சும்மாதான் கேட்டேன்.

சீரியலில் உங்கள் மனைவியாக வரும் அந்தப் பெண் படத்துக்கு விளக்கேற்றும்போது, நம் பாப்பாவும் டிவி முன்னால் நின்று கும்பிடுகிறாள். அப்பாவைக் கும்பிடாதே என்று எப்படிச் சொல்வது?

நேற்று அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா சாமிகிட்ட போய்ட்டாருன்னு பாப்பா சொல்லிச்சு. மனச வுட்றாதம்மா." சொல்லும்போதே என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"ஐயோ, இல்ல டீச்சர். மெட்ராஸ்ல கீறாரு. டிவில நடிக்கிறாரு."

"அப்படியா! கடைசியா எப்ப வந்தாரு?"

பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்துகொண்டேன்.

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காட்டுக்கு பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேஷம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒருநாள் வந்து, டீச்சர் பார்க்கிற மாதிரி, பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா