நிகோலா நாளில் திறந்த வால்வு

அன்புள்ள தம்பி லியூபிஷாவுக்கு,

அக்கா நெவென்கா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய். பெல்கிரேடில் தலைமை அலுவலகத்து நாற்காலி மெத்தென்று இருக்குமாம். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள். சிரிக்க வேறொன்றும் இதில் இல்லை.

இங்கே நல்ல பனி. வாசலில் நானே வாரிக் கொட்டுகிறேன். உன் அத்தான் ரதிசாவுக்கு இரண்டு கையிலும் கட்டு. சூப்பைக்கூட நான்தான் ஊட்டுகிறேன். "கல்யாணமான புதுசுல கூட இப்படிக் கொஞ்சினதில்லையே" என்று கேலி செய்தேன். சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆலையில் அவரோடு ஷிஃப்ட் பார்க்கும் ஸ்வொன்கோ நேற்று வந்தான். "அக்கா, ரதிசாவ் அண்ணன் தன் இஷ்டத்துக்கு வால்வைத் திறந்தாருன்னு உங்க தம்பி விசாரணையில சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க" என்றான். கையிலிருந்த தட்டை அவன் மேல் எறியாதது என் புண்ணியம்.

எனக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துவிட்டாயா? என் சமையலறையில் உட்கார்ந்து, சீனிக்கட்டி மேல் மிளகாய்ப் பொடி தூவி, ஆலை உலைக்குள் நிரப்பி வைக்கிற வினையூக்கி இப்படித்தான் இருக்கும் என்று விளக்கியவன் நீதானே? "வெள்ளைக்கட்டி சும்மா தாங்குறதுக்கு, அக்கா. சிவப்புப் பொடிதான் செம்பு. அந்தப் பொடியோட மேல்தோல்லதான் மொத்த வேலையும் நடக்குது. சூடு மிஞ்சினா பொடியெல்லாம் நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தோல் குறைஞ்சுடும், அப்புறம் குப்பைதான்." உலையைத் திறப்பதற்கு முன்னால் நைட்ரஜனோடு துளித்துளியாகக் காற்றைக் கலந்து விட வேண்டும், அப்போதுதான் செம்பு மெல்லிய போர்வை போர்த்திக்கொண்டு அடங்கும், மொத்தமாக விட்டால் தானே பற்றிக்கொள்ளும் என்றாயே. "பசியோட வந்தா நீ சட்டியோட விழுங்குற மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதான்" என்றாய்.

இவ்வளவும் தெரிந்த நீ, அந்த உலை வேலைக்கென்று இங்கே வந்திருந்தபோது, நிகோலா நாளில் என்ன செய்தாய்? நம் குடும்பப் புனிதர் நாள், பாதிரியார் வரும் நேரம், வீட்டுத் தலைவன் நீ இல்லாமல் சடங்கு ரொட்டியை வெட்ட முடியாது. எல்லாம் சரி. உலைக்குள் காற்றுப் போய்க்கொண்டிருக்கிறது, மறுநாள் வரை அப்படித்தான் போக வேண்டும். "அத்தான், சூடு ஏறவே இல்ல. கொஞ்சம் அகலமா தெறந்து விடுங்க, சீக்கிரம் முடிச்சுட்டு நீங்களும் மீன் சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். அவரும் மீனுக்கு ஆசைப்பட்டுத் திறந்தார். அதை அவர் மறைக்கவில்லை.

நீயும் பாதிரியாரும் ரொட்டியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே உலை கனன்று, குழாய் மூட்டு தெறித்திருக்கிறது. எல்லாரும் வெளியே ஓட, இவர் திரும்பப் போய் வெறுங்கையால் வால்வை மூடினார். இங்கே நான் கெண்டை மீனைப் பரிமாறிக்கொண்டு, என் தம்பியைப் போல ஒரு இன்ஜினியர் உண்டா என்று பீற்றிக்கொண்டிருந்தேன். தூ!

அவசரப்பட்டாய், அது மனுஷப் புத்தி. அதற்கு ஒரு அறை கொடுத்துவிட்டுச் சோறு போட்டிருப்பேன். ஆனால் வெந்த கைக்காரன் மேல் பழியைப் போட்டாயே, அதற்கு என்னிடம் அறை போதாது. அவர் வாயைத் திறக்கமாட்டார். "உன் தம்பி. அவன் வாயாலதான் வரணும்" என்கிறார்.

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. நீ அன்று கை கழுவிக்கொண்டே, "அகலமா தெறக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றது என் காதில் விழுந்தது. பாதிரியார் காதிலும் விழுந்தது. நேற்றே போய்க் கேட்டுவிட்டேன், ஆமாம் என்றார்.

திங்கட்கிழமை நான் பாதிரியாரோடு ஆலைக்குப் போகிறேன். விசாரணைக்காரர்கள் கூப்பிடும்வரை வாசலில்தான் இருப்பேன். அதற்குள் நீ வந்தால், நீயே பேசு, நான் உள்ளே வரவில்லை. ராத்திரி பஸ்ஸில் வந்தால் நம் வீட்டில் காபி குடித்துவிட்டே போகலாம். வந்துவிடு, தம்பி.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், திங்கட்கிழமைக்குள் கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும்.

இன்றுவரை உன் அக்கா,
நெவென்கா